பட்ஜெட் 10,000 ரூபாய்... பழைய பொருள்களால் வாடகை வீட்டை அழகாக்கிய கதை!

``இதையா காசு குடுத்து வாங்கிட்டு வந்த?''

ஊரிலிருந்து வந்த அம்மா, வீட்டுக்குள் காலை வைத்ததும் கேட்ட முதல் கேள்வி இதுதான். கையிலிருந்த கட்டைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. ஹாலின் நடுவே டீப்பாயாக உட்கார்ந்திருந்த பழைய ட்ரங்குப் பெட்டியைப் பார்த்தபடியே நின்றார்.

``ஆமாம்மா, 1,200 ரூபா.''

``நம்ம வீட்டுல இதுமாதிரி ரெண்டு கெடந்துச்சே பாப்பா. பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுட்டு பேரீச்சம்பழம் வாங்கினோமே... மறந்துட்டியா?''

மறக்கவில்லை. அந்தப் பேரீச்சம்பழத்தில் பாதியைத் தின்றதே நான்தான்.

சென்னையில் நானும் தங்கையும் ஒரு சிங்கிள் பெட்ரூம் வீட்டை வாடகைக்குப் பிடித்தோம். அட்வான்ஸ் கொடுத்து முடித்தபோது கையில் மிச்சம் 10,000 ரூபாய். வெள்ளைச் சுவர், மஞ்சள் பல்பு, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. வீடு ஹாஸ்பிடல் வெயிட்டிங் ஹால் மாதிரி இருந்தது. கடைக்குப் போய் சோபா விலை கேட்டதும் தங்கை என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிட்டாள். அப்போதுதான் பழைய பொருள்கள் பக்கம் திரும்பினோம்.

மூன்று மாதங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் தேடினோம். சில பொருள்கள் அருமையாக அமைந்தன. ஒன்றில் நன்றாக ஏமாந்தேன். இன்னொன்று, அம்மா வந்து சொல்லும்வரை எனக்குத் தெரியாத ஒரு கணக்கை எடுத்துப் போட்டது. எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்கிறேன். உங்கள் வீட்டுக்கும் உதவும்.

முதல் கடை, உங்கள் வீட்டுப் பரண்தான்!

பழைய பொருள் என்றதும் நேராகக் கடைக்கு ஓடாதீர்கள். முதலில் உங்கள் வீட்டுப் பரண், அடுத்து பாட்டி வீட்டுப் பரண், அதற்கடுத்து சித்தி, பெரியம்மா, அத்தை வீடுகள். ``உங்க வீட்டுல பழசு ஏதாச்சும் சும்மா கெடக்கா?'' என்று கேட்டுப் பாருங்கள். `எடுத்துட்டுப் போனா எனக்கு இடம் மிச்சம்' என்று சொல்பவர்கள்தான் அதிகம்.

என் பெரியம்மா வீட்டில் இப்படிக் கிடைத்தவை: ஒரு படி, ஓர் உரி, ஓர் உழக்கு. மூன்றும் இரும்பில் செய்து பித்தளைப் பட்டை கட்டியவை. லிட்டரும் கிலோவும் வருவதற்கு முன் அரிசியும் பயறும் அளந்தவை. 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 2 உழக்கு ஓர் உரி, 2 உரி ஒரு படி. இந்தக் கணக்கைப் பெரியம்மா சொல்லச் சொல்ல, தங்கை போனில் டைப் செய்துகொண்டாள். இப்போது படியில் கரண்டிகள் நிற்கின்றன, உரியில் பேனாக்கள், உழக்கில் ஒரு சின்ன மணி பிளான்ட். செலவு பூஜ்யம்.

அம்மாவின் பழைய சுங்குடிப் புடவைகள் இரண்டு, ஜன்னல் திரைகளாகவும் குஷன் உறைகளாகவும் மாறின. கிழிந்த முந்தானையை விட்டுவிட்டு, நன்றாக இருக்கும் உடல் பகுதியை மட்டும் வெட்டச் சொன்னோம். தையல் கூலி 250 ரூபாய்.

எங்கே தேடலாம்?

*பழைய இரும்புக் கடை:* ஒவ்வொரு ஏரியாவிலும் ஒன்றாவது இருக்கும். பேப்பர் எடைக்குப் போடும் அதே கடைதான். இங்கே பொருளுக்கு விலை கிடையாது, எடைக்குத்தான் விலை. கடைக்காரரைப் பொறுத்தவரை அது இரும்பு, அவ்வளவுதான். நான் ட்ரங்குப் பெட்டியை வாங்கியது இப்படி ஒரு கடையில்தான். பெட்டிக்குள் கட்டுக்கட்டாக பழைய செய்தித்தாள் இருந்தது. ``பேப்பரை எடுத்துக்கிறேன்மா, பொட்டிய நீங்க எடுத்துக்கங்க'' என்றார். ஒரு டிப்ஸ்: சனிக்கிழமை சாயங்காலம் போங்கள். பலரும் விடுமுறைக்கு வீட்டை ஒழித்துப் பொருள்களைப் போடுவதால் புதுச் சரக்கு வந்திருக்கும்.

*சென்னை, அல்லிக்குளம்:* மூர் மார்க்கெட் என்றால் அப்பா, தாத்தா தலைமுறைக்குக் கண் விரியும். 1900-ல் திறக்கப்பட்டு, சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டிச் செந்நிறக் கட்டடமாக நின்ற அந்தச் சந்தை, 1985-ல் தீயில் அழிந்தது. அந்த இடத்தில் இன்று புறநகர் ரயில் முனையமும் முன்பதிவு அலுவலகமும் இருக்கின்றன. வியாபாரிகள் பக்கத்திலேயே உள்ள அல்லிக்குளம் வளாகத்துக்கு மாறினார்கள். பழைய புத்தகம், இசைத்தட்டு என்று பொறுமையாகத் துழாவுகிறவர்களுக்கு இன்றைக்கும் ஏதாவது மாட்டும்.

*புதுச்சேரி:* மகாத்மா காந்தி சாலையில் ஞாயிற்றுக்கிழமை கூடும் சண்டே மார்க்கெட்டில் துணிமணிதான் அதிகம். ஆனாலும் நடைபாதை ஓரத்தில் பழைய சாமான்களைப் பரப்பியிருப்பவர்களைத் தவறவிடாதீர்கள். ஆரோவில் போகும் வழியில் பழைய மரச்சாமான் கடைகள் இருக்கின்றன. விலை கொஞ்சம் தூக்கல்தான். ஆனால், மரத்தைத் தொட்டுப் பார்த்துப் பழக நல்ல இடம். எங்கள் பிரம்பு நாற்காலி இந்தப் பக்கத்தில்தான் கிடைத்தது. பின்னல் முழுக்க அறுந்துபோயிருந்ததால் 700 ரூபாய்.

*காரைக்குடி:* பழம்பொருள் பிரியர்களுக்கு இதுதான் திருப்பதி. அதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும்.

முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு காலை

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு ஒரு நடை போனேன். தெரு முழுக்கப் பழம்பொருள் கடைகள். வாசலிலேயே மரத் தூண்கள் சாய்ந்து நிற்கும். உள்ளே போனால் பெல்ஜியம் கண்ணாடி, எனாமல் கேரியர், பீங்கான் ஊறுகாய் ஜாடி, சுவர்க் கடிகாரம், அஞ்சறைப்பெட்டி, பல்லாங்குழி, பித்தளைக் கூஜா, சாமி படங்கள், பழைய சினிமா போஸ்டர்கள்... தலைக்கு மேலேயும் தொங்கும், காலுக்குக் கீழேயும் கிடக்கும்.

இவ்வளவும் இங்கே எப்படி வந்தது? செட்டிநாட்டு நகரத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முன்பாதியிலும் பர்மா, மலேயா, இலங்கை என்று தொழில் செய்து, சம்பாத்தியத்தைச் சொந்த ஊரில் வீடுகளாகக் கட்டினார்கள். பர்மா தேக்கு, இத்தாலி மார்பிள், ஜப்பான் டைல்ஸ், ஐரோப்பாவின் எனாமல் பாத்திரங்கள் எல்லாம் கப்பலில் வந்தன. பெண்ணுக்குச் சீராகக் கொடுக்கும் பாத்திரங்களே ஓர் அறையை நிரப்பும். இரண்டாம் உலகப் போரில் 1942-ல் பர்மா ஜப்பான் வசமானது. பிறகு அந்த நாடு சுதந்திரம் அடைந்து, நிலமும் தொழிலும் அரசுடைமையாக்கப்பட, அங்கே போட்ட முதல் பெரும்பாலானவர்களுக்குத் திரும்பவே இல்லை.

வீடுகள் மட்டும் மிஞ்சின. ஒரே வீட்டுக்குப் பல பங்காளிகள். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் அமெரிக்காவில். ஓடு மாற்றவே லட்சங்களில் செலவாகும். சிலர் வீட்டைப் பராமரிக்கிறார்கள், சிலர் ஹோட்டலாக மாற்றியிருக்கிறார்கள். முடியாதபோது இடித்து, தூண், கதவு, நிலை, ஜன்னல் என்று பிரித்து விற்கிறார்கள். யுனெஸ்கோவின் உலகப் பாரம்பர்யச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் 2014-ல் இடம்பெற்றன. அதே ஊர்களின் தூண்கள்தான் இந்தத் தெருவில் சாய்ந்து நிற்கின்றன.

இதைப் பார்த்தபோது கொஞ்சம் சங்கடமாகவே இருந்தது. நாம் வாங்குவதால்தான் வீடுகள் இடிபடுகின்றனவா? இடிந்துபோன வீட்டின் ஜன்னலை நாம் வாங்காவிட்டால் அது விறகாகப் போகுமா? இரண்டிலும் உண்மை இருக்கிறது. நான் எனக்கென்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். நிற்கிற வீட்டிலிருந்து பெயர்த்து எடுத்துத் தருகிறேன் என்று சொல்லும் தூணோ, நிலையோ வேண்டாம். ஏற்கெனவே கழன்று கிடக்கும் சின்னப் பொருள் போதும். எந்த ஊர் வீட்டுச் சாமான், எப்படி வந்தது என்று கடைக்காரரிடம் கேட்டேன். சிலர் மழுப்பினார்கள். சிலர் ஊர், தெரு வரைக்கும் சொன்னார்கள். சொன்னவர்களிடம் வாங்கினேன்.

அன்றைக்கு எடுத்தது நான்கு. கம்பி இல்லாத தேக்கு ஜன்னல் சட்டம் ஒன்று, 1,500 ரூபாய். ஓரம் பெயர்ந்த எனாமல் தட்டுகள் மூன்று, 750 ரூபாய். பழைய காலண்டர் முருகர் படம், சட்டத்தோடு 400 ரூபாய். அப்புறம், ஒரு சின்னப் பித்தளைத் தவலை. 2 கிலோ எடை, 1,400 ரூபாய். தவலையின் கழுத்தில் புள்ளி புள்ளியாக இரண்டு எழுத்துகள் வெட்டியிருந்தன. அதைப் பார்த்துத்தான் ஆசைப்பட்டேன்.

திரும்பும் வழியில் ஆத்தங்குடிக்கும் போனேன். இந்த ஊர் டைல்ஸைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின்மேல் அச்சை வைத்து, வண்ண சிமென்ட் கலவையைக் கையாலேயே ஊற்றி, மேலே மணலும் சிமென்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். கண்ணாடியில் உட்கார்ந்த முகம்தான் பளபளவென்று வருகிறது. நடக்க நடக்கப் பளபளப்பு கூடும் என்பார்கள். வாடகை வீட்டில் தரையை மாற்ற முடியாது. அதனால் ஜோடி சேராமல் ஒதுக்கிவைத்திருந்த 6 டைல்ஸ் மட்டும் 300 ரூபாய்க்கு வாங்கினேன். அடியில் துணி ஒட்டியதும், சூடான பாத்திரம் வைக்கும் பலகையாகவும், செடித்தொட்டிக்குக் கீழ்த்தட்டாகவும் ஆகிவிட்டன.

நான் ஏமாந்த கதை

காரைக்குடிக்குப் போவதற்கு முன், `ஆன்டிக் பித்தளை விளக்கு' என்று ஆன்லைனில் பார்த்து 1,150 ரூபாய்க்கு ஆர்டர் செய்தேன். வந்த அன்று அழகாகத்தான் இருந்தது. இரண்டாவது தடவை புளி போட்டுத் தேய்த்தபோது மேல்பூச்சு உரிந்து, உள்ளே இரும்பு எட்டிப் பார்த்தது. திருப்பி அனுப்பும் நாளும் முடிந்துவிட்டது. அந்த 1,150 ரூபாயை டியூஷன் ஃபீஸ் என்று எழுதிக்கொண்டேன். நீங்கள் அந்த ஃபீஸைக் கட்ட வேண்டாம் என்பதற்காக, பிறகு கற்றுக்கொண்டவை இங்கே.

*பித்தளை:* பையில் ஒரு சின்னக் காந்தம் வைத்துக்கொள்ளுங்கள். காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு. ஒட்டாவிட்டாலும், அடிப்பக்கத்தில் லேசாகச் சுரண்டிப் பார்க்கச் சம்மதம் கேளுங்கள். உள்ளேயும் மஞ்சளாக இருக்க வேண்டும். சாதாரணப் பாத்திரத்தை எடைக்குத்தான் பேச வேண்டும். அன்றைய பித்தளை விலையைப் பாத்திரக்கடையில் கேட்டுவிட்டுப் போனால் பேரம் பேசத் தைரியம் வரும்.

*மரம்:* தூக்கிப் பாருங்கள். தேக்கு கனமாக இருக்கும். அடிப்பக்கம், இழுப்பறையின் பின்பக்கம் ஆகியவற்றைப் பாருங்கள். வெளியே தேக்கு மாதிரி வார்னிஷ் அடித்துவிட்டு, உள்ளே பிளைவுட் வைத்திருப்பார்கள். `நூறு வருஷப் பழசு' என்று சொல்லும் பெட்டியில் பிளஸ் குறி போட்ட ஸ்க்ரூ இருந்தால் உஷார். அந்த ஸ்க்ரூ 1930-களில்தான் புழக்கத்துக்கே வந்தது. நடுவில் ரிப்பேர் பார்த்தபோது போட்டதாகவும் இருக்கலாம். ஆனால் எல்லா ஸ்க்ரூவும் அப்படி இருந்தால், அது பழசு இல்லை.

*உளு:* மரத்தில் குண்டூசித் தலை அளவுக்கு ஓட்டைகள் இருந்தால், அதன் கீழே ஒரு வெள்ளைத்தாளை விரித்துத் தட்டுங்கள். மாவு மாதிரி தூள் கொட்டினால் பூச்சி இன்னும் உயிரோடு இருக்கிறது. 200 ரூபாய்க்குக் கிடைக்கிறதே என்று வீட்டுக்குள் கொண்டுவந்தால், உங்கள் கட்டிலுக்கும் பரவும்.

*சாமி படங்கள்:* ராஜா ரவிவர்மா 1894-ல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தின் படங்களுக்கு இன்று நல்ல விலை. அதனால் நகல்களும் ஏராளம். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். ஒரே ஒழுங்கில், வட்ட வட்டமாகப் புள்ளிகள் தெரிந்தால் அது பிற்கால ஆப்செட் அச்சு. நகல் என்றால் வாங்கக்கூடாது என்று இல்லை, நகலுக்கு உண்டான விலையைக் கொடுத்தால் போதும். சிவகாசியில் அச்சான பழைய காலண்டர் படங்களும் அவ்வளவு அழகு. கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவர் சீடர்களும் வரைந்த தெய்வங்கள்தாம் பல வீடுகளின் பூஜையறையில் இருந்தன. இவை விலையிலும் சல்லிசு.

சரிபண்ணுவது எப்படி?

ட்ரங்குப் பெட்டியில் துரு பிடித்திருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, துரு தடுக்கும் பிரைமர் ஒரு கோட், கரும்பச்சை பெயின்ட் இரண்டு கோட் அடித்தோம். பெயின்ட் செலவு 350 ரூபாய். மேலே மிச்சமிருந்த சுங்குடித் துணியை விரித்ததும் டீப்பாய் ரெடி. உள்ளே போர்வை, தலையணை உறை எல்லாம் போய்விட்டன. சின்ன வீட்டுக்கு இது பெரிய லாபம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. நம் நாட்டில் வீட்டு உபயோக பெயின்டில் ஈயத்துக்குக் கடுமையான வரம்பு நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அந்தத் தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடியது. அதனால் பழைய பெயின்டை உலர்வாகத் தேய்க்காதீர்கள். தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள் கிடைக்கிறது. அதை வாங்கி, மாஸ்க் போட்டுக்கொண்டு, மொட்டைமாடியில் வைத்துத் தேய்த்து, வழிந்த கசடைத் துணியில் துடைத்துக் குப்பையில் போடுங்கள். கைக்குழந்தையோ, கர்ப்பிணியோ இருக்கும் வீட்டில் இந்த வேலையே வேண்டாம். ஆளிடம் கொடுத்துவிடுங்கள்.

ஜன்னல் சட்டத்தைக் கழுவி, நிழலில் இரண்டு நாள் காயவைத்து, ஆளிவிதை எண்ணெய் தடவினோம். மரம் எண்ணெயைக் குடித்ததும், எங்கேயோ ஒளிந்திருந்த நிறம் வெளியே வந்தது. கண்ணாடிக் கடையில் அளவு கொடுத்து, முகம் பார்க்கும் கண்ணாடி பொருத்த 600 ரூபாய். வீட்டு ஓனர் ஆணி அடிக்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால், சுவரில் சாய்த்தே வைத்திருக்கிறோம். எதிரே இருக்கும் ஜன்னல் அதில் தெரிவதால் ஹால் இரண்டு மடங்காகத் தெரிகிறது. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டுவிடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் ஊறிய துணி, சுருண்டு கிடந்தால் தானாகச் சூடாகித் தீப்பிடிக்கக்கூடியது. விரித்துக் காயப்போட்ட பிறகே குப்பையில் போடுங்கள்.

நாற்காலிக்குப் பிரம்பு பின்ன 900 ரூபாய் கூலி. பின்னியவர் பார்வை மாற்றுத்திறனாளி. விரலால் ஓட்டைகளை எண்ணி எண்ணி, இரண்டு நாளில் தேன்கூடு மாதிரி முடித்துக் கொடுத்தார். கூலியில் நான் பேரம் பேசவில்லை. பொருளை மலிவாக வாங்கலாம், கைவேலையை மலிவாகக் கேட்கக்கூடாது என்பதை அவர் விரல்களைப் பார்த்தபோது உணர்ந்தேன்.

அழகு பார்க்க மட்டும்!

பழைய பாத்திரம் எல்லாம் சமைக்க ஏற்றது இல்லை. பித்தளையில் புளிப்பான குழம்பு வைத்தால் செம்பு சாப்பாட்டில் இறங்கும். சமைப்பதாக இருந்தால் உள்ளே ஈயம் பூசியிருக்க வேண்டும். நம் பாட்டிகள் ஈயம் பூசுகிறவர் தெருவில் வரும் நாளுக்காகக் காத்திருந்தது அதற்காகத்தான். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு செய்வது வெள்ளீயத்தில். காரீயம் என்பது வேறு, அது விஷம். எங்கிருந்து வந்தது என்றே தெரியாத பழைய சொம்பு என்றால், அலமாரியில் வைத்துப் பாருங்கள், அடுப்பில் ஏற்றாதீர்கள். ஓரம் பெயர்ந்த எனாமல் தட்டும் அப்படியே. எங்களுடைய மூன்று தட்டுகளும், சாமான் ஸ்டாண்டின் மேல்தட்டில் பூப்போட்ட முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன.

பழைய மின்விளக்கு வாங்கினால், எலெக்ட்ரீஷியனிடம் கொடுத்து வயரையும் ஹோல்டரையும் புதிதாக மாற்றிய பிறகே ப்ளக்கில் சொருகுங்கள். உருளியில் தண்ணீர் விட்டுப் பூ மிதக்கவிடுவது அழகுதான். தினமும் தண்ணீரை மாற்றாவிட்டால் டெங்கு கொசு அங்கேயே குடித்தனம் நடத்தும்.

வாங்கவே கூடாதவை

தந்தப் பொருள்கள், மான் கொம்பு, புலி நகம்... எவ்வளவு பழசானாலும், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன் கீழ் இவற்றை வாங்குவதும் விற்பதும் குற்றம்.

கோயில் சிலை, கல் சிற்பம், ஐம்பொன் விக்கிரகம், ஓலைச்சுவடி ஆகியவற்றிலும் அதே எச்சரிக்கை தேவை. தொல்பொருள்கள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டம் 1972-ன்படி, நூறு ஆண்டுகளைக் கடந்த சிற்பம், ஓவியம் போன்றவையும், 75 ஆண்டுகளைக் கடந்த முக்கியமான சுவடிகளும் தொல்பொருள்கள். இவற்றை விற்கும் தொழிலுக்கு உரிமம் வேண்டும். சிலை போன்ற பலவற்றை வைத்திருப்பவர் பதிவுசெய்திருக்கவும் வேண்டும். நம் ஊர்க் கோயில்களிலிருந்து எத்தனையோ சிலைகள் திருடுபோயிருக்கின்றன. அதற்கென்றே தமிழக போலீஸில் தனிப் பிரிவு இருக்கிறது. ``பில்லு எல்லாம் வேணாம்மா, உங்களுக்காகத்தான் இந்த விலை'' என்று யாராவது சொன்னால், வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

வரவு செலவுக் கணக்கு

* ட்ரங்குப் பெட்டி, பெயின்ட்: 1,550 ரூபாய்
* ஜன்னல் சட்டம், கண்ணாடி: 2,100 ரூபாய்
* பிரம்பு நாற்காலி, பின்னல் கூலி: 1,600 ரூபாய்
* எனாமல் தட்டுகள்: 750 ரூபாய்
* பித்தளைத் தவலை: 1,400 ரூபாய்
* முருகர் படம்: 400 ரூபாய்
* ஆத்தங்குடி டைல்ஸ்: 300 ரூபாய்
* திரை, குஷன் தையல்: 250 ரூபாய்
* உப்புத்தாள், எண்ணெய், இதர சாமான்: 400 ரூபாய்
* பஸ் லக்கேஜ், ஆட்டோ: 650 ரூபாய்

மொத்தம் 9,400 ரூபாய். உரிந்துபோன விளக்கின் 1,150 ரூபாயையும் சேர்த்தால் 10,550. பட்ஜெட்டில் 550 ரூபாய் எகிறிவிட்டது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

அம்மா சொன்ன கணக்கு

அன்று சாயங்காலம் அம்மாவுக்கு காபி போட்டுக் கொடுத்துவிட்டு, காரைக்குடித் தவலையைப் பெருமையாக எடுத்து முன்னால் வைத்தேன். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கழுத்தில் வெட்டியிருந்த எழுத்துகளை விரலால் தடவினார்.

``யாரு பேரு இது?''

``தெரியலம்மா. கடையில இருந்துச்சு.''

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, ``நம்ம வீட்டு அண்டா, தவலை எல்லாத்துலயும் உங்க அப்பத்தா பேரு வெட்டியிருக்கும். ஞாபகம் இருக்கா?'' என்றார்.

இருந்தது. அடுக்களையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள். ஆடிப்பெருக்குக்கு முன்னால் எல்லாவற்றையும் கிணற்றடிக்குக் கொண்டுபோய்ப் புளி போட்டு விளக்குவோம். ``அதெல்லாம் எங்கம்மா?'' என்றேன். இத்தனை வருடங்களில் நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

``உன் டிப்ளமோக்கு ரெண்டாவது தவணை கட்டணும்னு போன் பண்ணினியே... அப்போ எடைக்குப் போட்டதுதான். அப்பத்தாதான் எடுத்துப் போடச் சொன்னாங்க. `புள்ள படிச்சா, இதைப்போல பத்து வாங்கும்'னாங்க.''

அப்பத்தா இப்போது இல்லை. எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. நான் எழுதிச் சம்பாதித்த காசில், யாரோ ஒருவர் விற்ற தவலையை வாங்கி வந்திருக்கிறேன். அவர் வீட்டிலும் ஏதோ ஒரு ஃபீஸ், ஏதோ ஓர் ஆஸ்பத்திரிச் செலவு, ஏதோ ஒரு கல்யாணம் இருந்திருக்கும்.

``அடுத்தவங்க பேரு போட்டதை வீட்டுல வைக்கலாமாம்மா? வேணாம்னா குடுத்துடவா?''

``எதுக்குக் குடுக்கணும்? யாரோ ஒரு பொம்பளை ஆசையா வெச்சிருந்ததுதானே? பேரை மட்டும் அழிச்சுடாத. நல்லா வெளக்கி வெச்சுக்க.''

மறுநாள் ஊருக்குக் கிளம்பும்போது, கட்டைப்பையின் அடியிலிருந்து துணியில் சுற்றிய ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். ஒரு சின்னப் பித்தளைக் கிண்ணம். அடியில் அப்பத்தாவின் பெயர், முழுதாக, புள்ளி புள்ளியாக. எடைக்குப் போட்ட அன்று, தராசில் ஏறுவதற்கு முன் அம்மா ஒதுக்கிவைத்த ஒரே பொருள். ``நீ பழசெல்லாம் வாங்குறேன்னு தங்கச்சி போன்ல சொன்னா. அதான் எடுத்துட்டு வந்தேன்'' என்றார்.

இப்போது அந்தக் கிண்ணத்தில்தான் வீட்டுச் சாவியைப் போடுகிறோம். எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் ட்ரங்குப் பெட்டியையும் கண்ணாடியையும் பார்த்துவிட்டு விலை கேட்கிறார்கள். கிண்ணத்தை யாரும் கவனிப்பதில்லை.

கடைக்குக் கிளம்புவதற்கு முன், இன்றைக்கு ராத்திரி உங்கள் அம்மாவுக்கோ, பாட்டிக்கோ ஒரு போன் போடுங்கள். பரணில் என்னவெல்லாம் இருக்கிறது என்று கேளுங்கள். முன்பு இருந்து, இப்போது இல்லாமல் போனது எது, அது எப்போது போனது என்பதையும் கேளுங்கள். அந்தக் கதையில் உங்கள் பெயரும் இருக்கலாம்.